மூச்சை நீட்டினால் நாடி என்ன செய்யும்?

இந்தப் பக்கத்தைக் கையில் பிடித்தபடியே ஒரு காரியம் செய்யுங்கள். வலக்கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் இடது மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக வையுங்கள். கட்டைவிரலால் பார்க்க வேண்டாம். அதற்குச் சொந்தத் துடிப்பு உண்டு, கணக்குத் தவறும். 30 விநாடி எண்ணி, இரண்டால் பெருக்குங்கள். வரும் எண்ணை எங்காவது குறித்து வையுங்கள். கட்டுரையின் நடுவில் அது நமக்குத் தேவைப்படும்.

படிவம் நான்கு அறிவியல் பாடத்தின் மூன்றாம் அலகில் உடல்நல அளவீடுகள் வருகின்றன. உடல் வெப்பம், நாடித் துடிப்பு, இரத்த அழுத்தம், உடல் பொருண்மைக் குறியீடு. நடத்துவதற்கு எளிய அலகு. மாணவர்களுக்கும் பிடிக்கும், ஏனென்றால் புத்தகத்தை மூடிவிட்டு ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு பேசலாம். அன்று மதியம் அந்த அலகைத்தான் நடத்திக்கொண்டிருந்தேன். சாஆவில் மதிய மழை ஒன்றும் புதிதில்லை. செம்பனைத் தோட்டத்துப் பக்கம் வானம் கறுத்தது, தகரக் கூரையில் மழை இறங்கியது, என் குரல் பின்வரிசைக்கு எட்டவில்லை. எல்லாரும் எண்ணை எழுதிக் கொடுத்தார்கள். 74, 80, 78, 85. ஒரு தாளில் மட்டும் 118 என்றிருந்தது.

தவறாக எண்ணியிருப்பான் என்று நினைத்து நானே போய்ப் பிடித்துப் பார்த்தேன். தவறில்லை. உள்ளங்கை ஈரமாக இருந்தது. ஓடவில்லை, படியேறவில்லை, அரை மணி நேரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்த பையன். இந்த வயதில் ஓய்வு நேர நாடி 60க்கும் 100க்கும் இடையில் இருக்க வேண்டும். "மழை பெய்தா இப்படித்தான் டீச்சர்" என்றான், யாருக்கும் கேட்காதபடி.

2023 மார்ச் மாதத்தை இந்த வட்டாரத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வடகிழக்குப் பருவமழையின் கடைசி வீச்சு. சிகாமாட் மாவட்டத்தில் லாபிஸ், சாஆ, அப்பால் யோங் பெங், பத்து பகாட் வரை நீர். ஜோகூரில் மட்டும் 40,000க்கும் மேற்பட்டோர் நிவாரண மையங்களில் தங்கினர். தண்ணீர் வடிந்தது, சுவரில் படிந்த சேற்றுக் கோட்டைச் சுண்ணாம்பு அடித்து மறைத்தோம். அந்தப் பையனின் உடலுக்குள் இருந்த கோடு மறையவில்லை.

சில நாள் கழித்து அவன் தாயார் பள்ளிக்கு வந்தார். கைப்பையிலிருந்து சிறிய பாட்டில் ஒன்றையும் வண்ணத் தாள் ஒன்றையும் எடுத்து மேசையில் வைத்தார். குழந்தைகளின் பயத்தைப் போக்கி மனத்தை அமைதிப்படுத்தும் 'முழுமைச் சிகிச்சை'யாம். வாசனை எண்ணெய், கையால் தொடாமலே உடலின் சக்தியைச் சீராக்குதல், இசை. எட்டு அமர்வுக்கு 640 ரிங்கிட். "இது வேலை செய்யுமா டீச்சர்? முதல் தடவை போயிட்டு வந்தப்ப நல்லாத் தூங்கினான்" என்றார். மாதம் 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் வாங்கும் வீட்டில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அதனால் அந்தக் கேள்வியை நான் சிரித்து ஒதுக்கவில்லை. அவசரமாகப் பதில் சொல்லவும் இல்லை. "ரெண்டு நாள் கொடுங்க அக்கா, படிச்சுட்டுச் சொல்றேன்" என்றேன். அப்படிப் படித்ததில் தேறியவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் 118 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

மூளையின் இரு பக்கத்திலும் வாதுமைக் கொட்டை அளவில் அமிக்டலா என்றொரு பகுதி இருக்கிறது. ஆபத்தின் அடையாளங்களை நினைவில் வைத்துக்கொள்வது அதன் வேலை. தகரத்தில் மழை விழும் ஓசை ஒரு முறை ஆபத்தோடு சேர்ந்து பதிந்துவிட்டால், அடுத்த முறை அந்த ஓசை கேட்டதும் நாம் யோசிப்பதற்கு முன்பே அது மணியடிக்கும். ஹைப்போதலாமஸ் அந்தச் செய்தியைப் பரிவு நரம்புகள் வழியே சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்கு அனுப்பும். சில விநாடிகளில் அட்ரினலின் இரத்தத்தில் கலக்கிறது. இதயம் விரைகிறது, உள்ளங்கை வியர்க்கிறது, வயிற்றுக்குப் போகும் இரத்தம் தசைகளுக்குத் திரும்புகிறது. சற்றுப் பின்னால் கார்ட்டிசால் வரும். அது உச்சத்தைத் தொட ஏறக்குறைய 20 முதல் 30 நிமிடம் ஆகும். மழை நின்ற பிறகும் பையன் ஏன் சோர்ந்து உட்கார்ந்திருக்கிறான் என்பதற்கு இது ஒரு காரணம். 'சண்டையிடு அல்லது ஓடு' என்று இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் வைத்தவர் அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனன். 1915இல் வெளிவந்த அவருடைய நூலில் இது விரிவாக வருகிறது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. மூளைத்தண்டிலிருந்து கிளம்பி, கழுத்து வழியே இறங்கி, இதயம், நுரையீரல், குடல் என்று அலைந்து திரியும் பத்தாவது மண்டை நரம்பு, வேகஸ். இலத்தீனில் அந்தச் சொல்லுக்கு 'அலைபவன்' என்றுதான் பொருள். அதுதான் இதயத்தின் பிரேக்.

இந்தப் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கண்டுபிடித்த கதை அறிவியல் வரலாற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. ஆஸ்திரியாவில் ஒட்டோ லோவி என்ற ஆய்வாளர் ஒரு சோதனையைக் கனவில் கண்டார். பாதி ராத்திரியில் எழுந்து கிறுக்கி வைத்தார். காலையில் தன் கையெழுத்தே அவருக்குப் புரியவில்லை. அடுத்த இரவு அதே கனவு மீண்டும் வந்தது. இந்த முறை எழுதி வைக்கவில்லை, நேரே ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டார். இரண்டு தவளை இதயங்கள், உப்புக் கரைசலில் துடித்துக்கொண்டிருக்கின்றன. ஒன்றில் வேகஸ் நரம்பு இருக்கிறது, மற்றதில் இல்லை. முதல் இதயத்தின் வேகஸைத் தூண்டினார், துடிப்பு குறைந்தது. அதைச் சுற்றியிருந்த கரைசலை எடுத்து இரண்டாவது இதயத்தின் மேல் விட்டார். அதுவும் மெதுவானது. நரம்பே இல்லாத இதயம்! நரம்பு மின்சாரத்தால் மட்டும் பேசவில்லை, ஒரு வேதிப்பொருளையும் சுரக்கிறது என்று அன்று தெரிந்தது. 1921இல் அதை வெளியிட்டார். அந்தப் பொருள் அசிட்டைல்கோலின். 1936இல் ஹென்றி டேலோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மாணவர்களுக்கு இந்தக் கதையைச் சொன்னால் கையெழுத்தைத் திருத்தச் சொல்லி நான் இனித் தொல்லை செய்ய முடியாது என்பது ஒன்றுதான் குறை.

இப்போது உங்கள் மணிக்கட்டுக்கு வருவோம். மறுபடி விரலை வையுங்கள். மூக்கு வழியாக நான்கு எண்ணும் வரை மெல்ல மூச்சை இழுங்கள். ஆறு எண்ணும் வரை மெல்ல விடுங்கள். எண்ணுவதை விட்டுவிட்டுத் துடிப்புகளின் இடைவெளியைக் கவனியுங்கள். இழுக்கும்போது துடிப்புகள் நெருங்கி வரும், விடும்போது விலகிப் போகும். சிலருக்கு உடனே பிடிபடும், சிலருக்கு ஐந்தாறு மூச்சுக்குப் பிறகுதான். இளவயதினருக்கு இந்த வேறுபாடு கூடுதல், வயதாக ஆகக் குறையும். ஆகவே வீட்டில் பிள்ளையின் கையைப் பிடித்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

1847இலேயே ஜெர்மானிய உடலியலாளர் கார்ல் லுட்விக் இதைப் பதிவு செய்திருக்கிறார். காரணம் வேகஸ்தான். மூச்சை இழுக்கும்போது பிரேக் சற்றுத் தளர்கிறது, விடும்போது அழுந்துகிறது. நான்கு இழுத்து ஆறு விட்டால் ஒரு மூச்சுக்குப் பத்து விநாடி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு. விடும் நேரம் நீள்வதால் பிரேக் அழுந்தியிருக்கும் நேரமும் நீள்கிறது. இதயத்தைப் பார்த்து 'மெதுவாகத் துடி' என்று நம்மால் கட்டளையிட முடியாது. மூச்சைப் பார்த்துச் சொல்லலாம். தன்னிச்சையாகவும் நம் விருப்பப்படியும் நடக்கும் வேலை உடலில் அதிகமில்லை. மூச்சு அவற்றில் ஒன்று. நம் முன்னோர் பிராணாயாமத்தில் மூச்சை வெளிவிடுவதற்குக் கூடுதல் நேரம் கொடுத்ததை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம். வேகஸ் நரம்பு தெரிந்துதான் செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். பல தலைமுறை கவனித்துப் பார்த்துக் கண்டுகொண்டிருப்பார்கள். அதுவே போதுமான பெருமை.

மூன்று நிமிடம் இப்படி மூச்சு விட்ட பிறகு நாடியை எண்ணி, முதலில் குறித்த எண்ணோடு ஒப்பிடுங்கள். குறைந்திருக்கும். உடனே மூச்சுப் பயிற்சிக்கு வெற்றி என்று எழுதிவிடாதீர்கள்! மூன்று நிமிடம் சும்மா உட்கார்ந்தாலே நாடி குறையும். அதனால்தான் வகுப்பில் பாதிப் பேரை நான்குக்கு ஆறு மூச்சு விடச் சொன்னேன், மீதிப் பேரைச் சும்மா ஜன்னலுக்கு வெளியே பார்க்கச் சொன்னேன். இரண்டு கூட்டத்துக்கும் குறைந்தது. மூச்சுக் கூட்டத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் குறைந்தது. ஒரு வகுப்பில் ஒரு மதியம் நடந்ததை ஆய்வு என்று சொல்ல முடியாது. ஆனால் ஒப்பீட்டுக் கூட்டம் எதற்கு வேண்டும் என்று அவர்களுக்கு விளங்கிவிட்டது, எனக்கு அதுதான் வேண்டும். இனி யாராவது 'எங்கள் சிகிச்சைக்குப் பிறகு பிள்ளை அமைதியாகிவிட்டான்' என்று சொன்னால், சும்மா படுத்திருந்த பிள்ளைக்கு என்ன ஆனது என்று கேட்பார்கள்.

மூச்சைப் போலவே தசையும் ஒரு வாசல். சிக்காகோ மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929இல் எழுதிய நூலில், ஒவ்வொரு தசையாக இறுக்கித் தளர்த்தும் முறையை விளக்கினார். பதற்றமாக இருப்பவருக்குத் தன் தோள் இறுகியிருப்பதே தெரியாது. வேண்டுமென்றே இன்னும் இறுக்கிவிட்டு விட்டால்தான் தளர்ச்சி எப்படியிருக்கும் என்று உடல் கற்றுக்கொள்ளும். சின்னப் பிள்ளைகளிடம் தசை என்றெல்லாம் பேச வேண்டாம். துருவிய தேங்காயைக் கையில் வைத்துப் பால் பிழிவதுபோல் ஐந்து எண்ணும் வரை இறுக்கச் சொல்லுங்கள், பிறகு சக்கையைக் கீழே போடுவதுபோல் விடச் சொல்லுங்கள். இரண்டு கையும், பிறகு தோள், முகம், வயிறு, கால். படுக்கையில் ஐந்து நிமிட வேலை.

அடுத்தது தொடுதல். பாட்டிமார் குழந்தையைக் காலில் கிடத்தி எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதை இங்கே பலர் பார்த்து வளர்ந்திருப்போம். நம் தோலில், முடியுள்ள பகுதிகளில், மிக மெதுவாகச் செய்தி அனுப்பும் ஒருவகை நரம்பிழைகள் இருக்கின்றன. விநாடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் மென்மையாக வருடினால்தான் அவை நன்றாகத் தூண்டப்படும். வேகமாகத் தேய்த்தாலும், அசையாமல் கையை வைத்திருந்தாலும் அந்த அளவு இல்லை. ஒரு தாய் யோசிக்காமல் முதுகைத் தடவும் வேகம் அதுதான். மயாமி பல்கலைக்கழகத்தின் டிஃபனி ஃபீல்டும் குழுவினரும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், குறைமாதக் குழந்தைகளுக்குப் பத்து நாள், நாளுக்கு மூன்று முறை, 15 நிமிடம் வருடிக் கைகால்களை அசைத்துவிட்டார்கள். ஒரே அளவு பால் குடித்தும், வருடப்படாத குழந்தைகளைவிட அவர்களின் அன்றாட எடைக் கூடுதல் 47 விழுக்காடு அதிகமாக இருந்தது. 40 குழந்தைகள் மட்டுமே இடம்பெற்ற சிறிய ஆய்வு. ஆனாலும் பிறகு வந்த பல ஆய்வுகளுக்கு அது வழிகாட்டியது. பாட்டி வைத்தியத்தில் ஒன்றை மட்டும் விட்டுவிட வேண்டும்: குழந்தையின் மூக்கிலும் வாயிலும் எண்ணெய் ஊற்றுவது. அது நுரையீரலுக்குள் போனால் ஒருவகை நிமோனியா வரும். தென்னிந்திய மருத்துவமனைகளில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறார்கள்.

சரி, அந்தப் பாட்டில்? வாசனைக்கு ஒரு தனிச் சலுகை உண்டு. கண்ணும் காதும் அனுப்பும் செய்திகள் தலாமஸ் என்ற நிலையத்தில் நின்றுதான் போகும். மூக்கின் செய்தி அங்கே நிற்காமல் அமிக்டலாவின் வாசலுக்கே போய்விடுகிறது. தலைக்குக் குளித்த பிறகு போட்ட சாம்பிராணிப் புகை முப்பது வருடம் கழித்தும் அம்மா வீட்டை நினைவூட்டுவது அதனால்தான். ஆனால் லாவண்டர் எண்ணெய் பிள்ளைகளின் பயத்தைத் தீர்க்கும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. இருக்கும் ஆய்வுகள் சிறியவை. பிள்ளைக்குப் பிடித்த மணம் அறையில் இருந்தால் இருக்கட்டும், அதற்குச் சிகிச்சை விலை கொடுக்க வேண்டியதில்லை.

எண்ணெயின் விலையைவிட எனக்குக் கவலை தருவது அதன் உள்ளடக்கம். நம் வீடுகளில் தைலப் பாட்டில்கள் கைக்கெட்டும் இடத்தில் கிடக்கின்றன. கற்பூரம் கலந்தவை, யூக்கலிப்டஸ் கலந்தவை, பூசை மாடத்தில் கட்டிக் கற்பூரம். ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான கற்பூரம் சிறு குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகலாம். விழுங்கிய சில நிமிடங்களில் வலிப்பு வரக்கூடும். வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், பாட்டிலையும் எடுத்துக்கொண்டு. இன்னொன்று: மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி குறைபாட்டுச் சோதனை செய்கிறார்கள். அந்தக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்குப் பூச்சி உருண்டையும் கற்பூரமும் ஆகாது, சிவப்பணுக்கள் உடையலாம். உங்கள் பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள், எழுதியிருப்பார்கள்.

தொடாமலே சக்தியைச் சீராக்கும் முறையைப் பற்றி நான் பேசுவதைவிட எமிலி ரோசா பேசுவது நல்லது. அமெரிக்காவின் கொலராடோவில், ஒன்பது வயதில் பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக ஒரு சோதனை செய்தாள். மனித உடலைச் சூழ்ந்த சக்தியை உள்ளங்கையால் உணர முடியும் என்று சொன்ன 21 சிகிச்சையாளர்களை அட்டைத் தடுப்புக்குப் பின்னால் உட்கார வைத்தாள். அவர்கள் இரண்டு கையையும் ஓட்டைகள் வழியே நீட்ட வேண்டும். அவள் காசைச் சுண்டிப் பார்த்து, ஏதாவது ஒரு கைக்கு மேல் தன் கையை வைப்பாள். எந்தக் கை என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். 280 முறை கேட்டதில் 123 முறை சரி. அதாவது 44 விழுக்காடு. கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே 50 வந்திருக்கும். 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் அது வெளியானபோது அவளுக்கு வயது 11. செலவு ஒரு அட்டை, ஒரு துண்டு.

அப்படியானால் பையன் அன்று எப்படித் தூங்கினான்? தாயாரிடம் இதைத்தான் கேட்டேன். அரையிருட்டு அறை, குளிர்ந்த காற்று, மெல்லிய இசை, கைத்தொலைபேசி இல்லை, நாற்பது நிமிடம் ஒருவர் அவனை மட்டும் கவனித்தபடி பக்கத்தில் இருந்தார். பிரேக்கை அழுத்தும் எல்லாமே அங்கே இருந்தன. வேலை செய்தது பொய்யில்லை. வேலை செய்தது எது என்பதில்தான் பெயர் மாறிவிட்டது. "ராத்திரி ஷிப்டு முடிஞ்சு வந்து நான் அவன்கூட உட்காரவே முடியறதில்ல டீச்சர்" என்றார். அது அவர் மீதான குற்றச்சாட்டாக ஆகிவிடக் கூடாதே என்று எனக்குப் பயமாக இருந்தது. நாற்பது நிமிடம் வேண்டாம், பத்து நிமிடம் போதும், பாட்டியும் உட்காரலாம் என்றேன்.

பாரம்பரிய மருத்துவத்தையே நான் தள்ளுகிறேன் என்று எண்ண வேண்டாம். நம் சுகாதார அமைச்சு 2007இல் பினாங்கு கெப்பாளா பத்தாஸ் மருத்துவமனையில் தொடங்கி, ஜோகூர் பாரு சுல்தான் இஸ்மாயில் உட்பட அரசு மருத்துவமனைகள் சிலவற்றில் இதற்கெனப் பிரிவுகள் நடத்துகிறது. வழக்கமான சிகிச்சைக்குத் துணையாக, அதற்கு மாற்றாக அல்ல. 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் ஏழு துறைகளை அங்கீகரிக்கிறது: மலாய், சீன, இந்தியப் பாரம்பரிய மருத்துவங்கள், ஹோமியோபதி, கைரோபிரக்டிக், ஆஸ்டியோபதி, இஸ்லாமிய மருத்துவம். வாசனை எண்ணெயும் சக்திச் சிகிச்சையும் இந்த ஏழில் தனித் துறைகளாக இல்லை. பணம் கட்டுவதற்கு முன் 'எந்தத் துறை, மன்றத்தில் பதிவு உண்டா' என்று கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் எழுந்துவிடுங்கள்.

என் தரப்பிலும் ஒரு கசப்பான செய்தி உண்டு. மூச்சுப் பயிற்சியையும் மனக் கவனப் பயிற்சியையும் எல்லாப் பள்ளிகளிலும் கட்டாயமாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆசிரியர்களாகிய நாங்கள் நம்ப விரும்புகிறோம். பிரிட்டனில் 85 பள்ளிகளில் 8,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் இதைப் பரிசோதித்தார்கள். முடிவு 2022இல் வந்தது: வழக்கமான பாடங்களோடு ஒப்பிட்டால் மனநலத்தில் கூடுதல் நன்மை தெரியவில்லை. பல பிள்ளைகள் வீட்டில் பயிற்சி செய்யவே இல்லை. விரும்பிக் கேட்கும் பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பதும், நாற்பது பேரைக் கண்ணை மூடச் சொல்வதும் ஒன்றாகாது. அடுத்த வாரம் காலைக் கூட்டத்தில் பள்ளி முழுவதையும் மூச்சு விட வைக்கலாம் என்று திட்டம் போட்டிருந்தேன். விட்டுவிட்டேன்.

தளர்வுப் பயிற்சிகள் எங்கே நிற்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். சுகாதார அமைச்சின் 2019 தேசியக் கணக்கெடுப்பின்படி, 5 முதல் 15 வயதுக்குட்பட்ட நம் பிள்ளைகளில் 7.9 விழுக்காட்டினர், அதாவது ஏறக்குறைய 424,000 பேர், மனநலச் சிக்கலோடு இருக்கிறார்கள். 2022இல் இடைநிலைப்பள்ளி மாணவர்களிடம் எடுத்த கணக்கில் நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள். தூக்கமின்மை, சாப்பாட்டில் வெறுப்பு, பள்ளிக்குப் போக மறுப்பு, முன்பு பிடித்தவற்றில் விருப்பமின்மை இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் எண்ணெயையும் மூச்சையும் நம்பிக் காத்திருக்காதீர்கள். செத்துப்போகலாம் போலிருக்கிறது என்று ஒரு முறை சொன்னாலும் அன்றே அழைத்துப் போக வேண்டும். அரசு சுகாதார கிளினிக்கில் தொடங்கலாம். அமைச்சின் மனநலத் தொலைபேசி எண் 15555, தாலியான் காசே 15999. அதிர்ச்சி நினைவு ஆண்டுக்கணக்காகத் திரும்பத் திரும்ப வந்தால் அதற்கென்றே படிப்படியான உளவியல் சிகிச்சை இருக்கிறது. மழை ஓசையைப் பாதுகாப்பான இடத்தில், துணையோடு, கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொள்ளப் பழக்குவார்கள். மூச்சுப் பயிற்சி அந்தப் பயணத்தில் கைப்பிடி, வண்டி அல்ல.

பையன் முதலில் எங்கள் கவுன்சலிங் ஆசிரியரிடம் போனான், பிறகு கிளினிக்குக்கு. இப்போது மாதம் இரண்டு முறை மருத்துவமனைக்குப் போய் வருகிறான். தாயார் மீதி ஏழு அமர்வுகளுக்குப் பணம் கட்டவில்லை. சென்ற வாரம் ஐந்தாம் பாடவேளையில் மழை பிடித்துக்கொண்டது. நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தேன். அவன் இரண்டு விரலை மணிக்கட்டில் வைத்திருந்தான். மணி அடித்ததும் ஒரு துண்டுத் தாளை என் மேசையில் வைத்துவிட்டுப் போனான். 104, அதன் கீழே 92.

மறுநாள் தாயார் தொலைபேசியில் கூப்பிட்டார். அந்தப் பாட்டிலில் முக்கால்வாசி மீதி இருக்கிறதாம், தூக்கிப்போட மனமில்லையாம். வீட்டில் மூன்று வயதில் இன்னொரு பெண் பிள்ளை இருப்பது எனக்குத் தெரியும். லேபிளைப் படித்துக் காட்டச் சொன்னேன். மூன்றாவது பெயராகக் கற்பூரம் வந்தது. "அலமாரியில மேல் தட்டு, பூட்டு போட்டு, இப்பவே வைங்க அக்கா, நான் லைன்லயே இருக்கேன்" என்றேன்.